கவிதை தேய, கதை வளரும்: பெண் கவிஞர்கள் நம்மிடம் வந்து சேர்ந்த வழி

குறுந்தொகையின் 58ஆம் பாட்டில் ஒரு பாறை வருகிறது. ஞாயிறு காய்கின்ற அந்த வெம்பாறையின் மேல் வெண்ணெய் கிடக்கிறது. அதற்குக் காவல் இருப்பவனுக்குக் கையும் இல்லை, வாயில் பேச்சும் இல்லை. உருகி ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். எடுத்து நிழலில் வைக்கவும் முடியாது, யாரையும் கூப்பிடவும் முடியாது. என் நோயும் அப்படித்தான் பரவுகிறது, பொறுத்துக்கொள்ள முடியவில்லை என்று பாட்டு முடிகிறது. தமிழில் காதல் வேதனைக்குச் சொல்லப்பட்ட உவமைகளில் இதற்கு நிகரானவை மிகச் சில என்றே நான் கருதுகிறேன். இதைப் பாடியவர் வெள்ளிவீதியார் என்னும் பெண். பாட்டுக்குள் பேசுகிறவனோ ஆண். தன்னை இடித்துரைக்கும் தோழனுக்குத் தலைவன் சொல்லும் மறுமொழி அது.

இந்த ஒரு செய்தி பெண் கவிஞர்களைப் பற்றி நாம் வழக்கமாகப் பேசும் முறையைச் சற்று நிறுத்தி யோசிக்க வைக்கிறது. பெண் எழுதினால் அவள் வாழ்ந்ததைத்தான் எழுதியிருப்பாள் என்பது வெகுகாலமாக நிலைத்துவிட்ட எண்ணம். ஆண் புலவன் தலைவியின் குரலில் பாடும்போது அதைக் கலைத்திறன் என்று கொள்கிறவர்கள், பெண் புலவர் தலைவியின் குரலில் பாடினால் அதைத் தன்வரலாறு என்று கொண்டுவிடுகிறார்கள். வெள்ளிவீதியாருக்கு நேர்ந்ததும் இதுவே. சங்கத் தொகைகளில் அவர் பெயரில் பதின்மூன்று பாட்டுகள் உள்ளன: குறுந்தொகையில் எட்டு, நற்றிணையில் மூன்று, அகநானூற்றில் இரண்டு. அவர் எந்த ஊரார், யார் மகள், எப்போது வாழ்ந்தார் என்பதற்கு அந்தப் பாட்டுகளில் சான்று இல்லை. ஆயினும் பிரிந்த கணவனைத் தேடி ஊர் ஊராக அலைந்தவர் என்ற வரலாறு அவருக்கு இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது?

அகநானூற்றின் 147ஆம் பாட்டிலிருந்து வந்தது. அதைப் பாடியவர் ஔவையார். தலைவனைத் தேடிப் புறப்பட எண்ணும் தலைவி, வெள்ளிவீதியைப் போல நானும் செல்ல விரும்புகிறேன் என்கிறாள். இந்த ஓர் உவமையிலிருந்துதான் உரைகளும் பதிப்புகளும் ஒரு வாழ்க்கையை விரித்துக்கொண்டன. ஆனால் அதே வெள்ளிவீதியார் அகநானூற்றின் 45ஆம் பாட்டில் தன் தலைவியை, காதலனை இழந்த ஆதிமந்தியைப் போல நானும் மயங்கித் திரிவேனோ என்று பேச வைக்கிறார். அந்த ஆதிமந்தியின் பெயரிலோ குறுந்தொகையில் 31ஆம் பாட்டு இருக்கிறது. ஔவை வெள்ளிவீதியைச் சொல்கிறார். வெள்ளிவீதி ஆதிமந்தியைச் சொல்கிறார். மூவருமே பாட்டு விட்டுச் சென்றவர்கள். இதில் எனக்கு முதலில் தென்படுவது கணவனைத் தேடும் மனைவியரின் சோகம் இல்லை. ஒரு பெண் கவிஞர் தமக்கு முந்தைய பெண்ணின் பெயரைத் தம் பாட்டில் வைத்து அடுத்தவரிடம் கொடுக்கும் சங்கிலி. வாழ்க்கைக் கதையைத் தேடிய கண்களுக்கு இந்தச் சங்கிலி பெரிதாகப் படவில்லை.

ஆதிமந்தியின் பாட்டையும் பார்க்க வேண்டும். வீரர் கூடும் விழாவிலும் மகளிர் தழுவி ஆடும் துணங்கையிலும் அவனைக் காணவில்லை என்று சொல்லிவிட்டு, நானும் ஓர் ஆடுகள மகள், என் வளையை நெகிழச் செய்த அவனும் ஓர் ஆடுகள மகன் என்று அவள் முடிக்கிறாள். சிலப்பதிகாரத்துக்கு வரும்போது ஆதிமந்தி கரிகாலனின் மகளாகிவிடுகிறாள். காவிரி அடித்துச் சென்ற கணவனைக் கடல் வரை தேடிச் சென்று மீட்டுவந்த கற்பரசி ஆகிறாள். பாட்டில் இருப்பது களத்தில் ஆடும் ஒருத்தியின் தொழிற்பெருமை கலந்த குரல். காப்பியத்தில் இருப்பது அரசகுமாரியின் கற்பு. இரண்டில் எது மக்கள் நினைவில் தங்கியது என்று சொல்லத் தேவையில்லை.

பெண் கவிஞர்களின் வாழ்வையும் எழுத்தையும் பற்றிப் படிக்கப் படிக்க, நாடு எதுவானாலும் காலம் எதுவானாலும் இந்த ஏற்றஇறக்கம் திரும்பத் திரும்ப வருவதைக் காண்கிறேன். அவர்கள் எழுதியது குறைந்துகொண்டே வருகிறது. அவர்களைப் பற்றிய கதை கூடிக்கொண்டே போகிறது. எனவே ஒரு பெண்ணின் கவிதை நம் கைக்கு வந்திருக்கிறது என்றால், நடுவில் யார் யார் கை பட்டு வந்தது என்று கேட்பதுதான் அவர் வாழ்க்கையை அறிவதற்கும் நல்ல வழி என்று எண்ணுகிறேன்.

சங்கப் புலவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கே ஒரே விடை இல்லை. முப்பதுக்கு மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. நாற்பதைத் தாண்டிச் சொல்வோரும் உண்டு. காரணம், பெயர்களே தொகுத்தவர்களின் கை பட்டவை. ஆர் விகுதி ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. சிலருடைய இயற்பெயர் போய், பாட்டில் வந்த ஒரு சொல்லே பெயராகிவிட்டது. குறுந்தொகையின் 210ஆம் பாட்டில், விருந்து வரக் கரைந்த காக்கைக்கு ஏழு கலத்தில் சோற்றை ஏந்திக் கொடுத்தாலும் அந்த நன்றிக்கு அது சிறிதே என்று தோழி பேசுகிறாள். அதைப் பாடியவர் அன்றிலிருந்து காக்கைபாடினியார் நச்செள்ளையார். இவர்தான் பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தில் ஆடுகோட்பாட்டுச் சேரலாதனைப் பாடியவர். அணிகலனுக்காக ஒன்பது காப் பொன்னும் நூறாயிரம் காணமும் தந்து அவரைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டான் அரசன் என்று அப்பத்தின் பதிகம் கூறுகிறது. அரசவையில் பரிசில் பெற்றுத் தொழிலாகப் பாடிய பெண் ஒருவர் இருந்தார் என்பதற்கு இதைவிடத் தெளிவான குறிப்பு வேண்டியதில்லை.

ஔவைக்கு நடந்தது இன்னும் பெரிய மாற்றம். சங்க ஔவையின் பெயரில் ஐம்பத்தொன்பது பாட்டுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று குறுந்தொகை 28. முட்டுவேனா, தாக்குவேனா, ஆவென்று கூவுவேனா, என் நோய் அறியாமல் தூங்குகிறதே இந்த ஊர் என்று கொதிக்கும் ஒரு பெண்ணின் குரல் அதில் இருக்கிறது. புறநானூற்றின் 95ஆம் பாட்டில் அவர் தொண்டைமானிடம் தூது சென்றவராக வருகிறார். இங்கே படைக்கருவிகள் பீலி சூட்டி, மாலை அணிந்து, நெய் பூசிக் காவல் மனையில் அழகாக இருக்கின்றன, அங்கே அதியமானுடையவை பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். புகழ்வது போல நின்று எதிரியின் போர் அனுபவமின்மையைச் சொல்லும் அரசியல் திறம் அது. பல நூற்றாண்டுகள் கழித்து ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் இயற்றிய வேறோர் ஔவையார் வந்தார். ஒரே பெயர் கொண்ட இவர்கள் எல்லாரையும் மக்கள் நினைவு ஒரே உருவில் சேர்த்துக்கொண்டது: கையில் கோல், நரைத்த தலை, நெற்றி நிறையத் திருநீறு. திருமணத்திலிருந்து தப்ப, இளமையிலேயே முதுமையைக் கேட்டு வாங்கினார் என்பது கதை. ஊரெல்லாம் திரிந்து, அரசரோடு சரிசமமாகப் பேசி, கள் உண்டு பாடிய ஒரு பெண்ணை ஏற்றுக்கொள்ள வேண்டுமானால் அவளுக்கு முதலில் வயதாகிவிட வேண்டும் என்று பிற்காலம் நினைத்திருக்கிறது. குறுந்தொகை 28ஐப் படித்த பிறகு அந்தக் கிழவி உருவத்தை என்னால் முழு மனத்தோடு ஏற்க முடிந்ததில்லை.

காரைக்கால் அம்மையார் தம்மைப் பற்றிச் சொன்னது மிகச் சிறிது. தம்மைக் காரைக்கால் பேய் என்று அவரே குறித்துக்கொள்கிறார். மார்பு வற்றி, நரம்பு எழுந்து, கண் குழிந்து நிற்கும் பேயின் உருவத்தைத் திருவாலங்காட்டுப் பதிகத்தில் அவர் வரைந்திருக்கும் விதம், பெண்ணுடலைப் பாடுவதற்கென்று தமிழில் இருந்த அத்தனை வாய்பாட்டையும் புரட்டிப்போடுகிறது. புனிதவதி என்ற பெயரும், மாங்கனியும், அஞ்சி விலகிய கணவனும் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழாரின் பெரியபுராணம் வழியாக நமக்கு வந்தவை. அம்மையார் வாழ்ந்தது ஆறாம் நூற்றாண்டு அளவில் என்பர். ஏறத்தாழ அறுநூறு ஆண்டு இடைவெளி. இன்று மாங்கனிக் கதை தெரிந்தவர்களில் எத்தனை பேர் அற்புதத் திருவந்தாதியின் 101 வெண்பாக்களில் ஒன்றையேனும் படித்திருப்பார்கள்? ஆண்டாளிடமும் இதே பங்கீடு உண்டு. திருப்பாவையின் 30 பாட்டும் பலருக்கு மனப்பாடம். நாச்சியார் திருமொழியின் 143 பாட்டில், திருமணக் கனவைப் பாடும் வாரணமாயிரத்தை ஒதுக்கிவிட்டால், உடலின் வேட்கையை ஒளிவின்றிச் சொல்லும் மற்றவை பொது இடத்தில் அவ்வளவாக ஒலிப்பதில்லை. ஆயினும் பட்டர்பிரான் கோதை என்று பாட்டின் முடிவிலேயே பெயரைப் பதித்துவிட்டதால், அது யாருடைய குரல் என்பதில் எவரும் ஐயம் எழுப்ப முடியவில்லை. பெயரைப் பாட்டுக்குள் வைப்பது எவ்வளவு பெரிய காப்பு என்பதை ஆண்டாளிடம் காணலாம்.

பெயர் அறியப்பட்ட உலகின் முதல் கவிஞர் என்று பலரும் குறிப்பிடும் என்ஹெடுவான்னாவும் இதைத்தான் செய்தார். கிறித்துவுக்கு முன் சுமார் 2300ஆம் ஆண்டளவில், அக்காட் அரசன் சார்கோனின் மகளாக, ஊர் என்னும் சுமேரிய நகரத்தில் நிலவுக் கடவுளின் தலைமைப் பூசகியாக இருந்தவர். 1920களில் லியோனார்ட் வூலி அங்கே அகழ்ந்தபோது, சடங்கு செய்யும் அவருடைய உருவமும் பெயரும் பொறித்த வட்ட வடிவக் கல் ஒன்று உடைந்த துண்டுகளாகக் கிடைத்தது. எனவே அவர் வாழ்ந்தார் என்பதில் கேள்வி இல்லை. கவிதைகளின் நிலை வேறு. இன்று கிடைக்கும் களிமண் பலகைகள் அவருக்குச் சில நூற்றாண்டுகள் பின்னால் வந்தவை. எழுதப் பழகிய மாணவர்கள் பார்த்துப் படியெடுத்தவை பல. அதனால் அவை அவருடையவைதாமா என்ற விவாதம் அறிஞர்களிடையே தொடர்கிறது. இனன்னா என்னும் பெண் தெய்வத்தைப் போற்றும் நீண்ட பாடலில் நான், என்ஹெடுவான்னா என்று அவர் பெயர் வருகிறது. கோயிலிலிருந்து தம்மைத் துரத்திய லுகலனே என்பவனின் பெயரும் வருகிறது. நள்ளிரவில் உனக்குச் சொன்னதை நண்பகலில் பாடகர் உனக்குத் திரும்பப் பாடட்டும் என்ற கருத்தும் அதன் இறுதிப் பகுதியில் உள்ளது. தம் சொல் வேறொருவர் வாய் வழியாகத்தான் வாழும் என்று அவ்வளவு தொடக்கத்திலேயே பதிவாகியிருப்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

கிரேக்கத்துச் சாப்போவின் கவிதைகளை அலெக்சாந்திரிய அறிஞர்கள் எட்டு அல்லது ஒன்பது ஏடுகளாகத் தொகுத்திருந்தார்கள். முதல் ஏட்டில் மட்டுமே 1320 அடிகள் இருந்தன. இன்று எல்லாம் சேர்த்து எஞ்சியவை ஏறத்தாழ 650 அடிகள். முழுமையாக இருப்பது காதல் தெய்வமான அப்ரோதிதிக்கான வேண்டுதல் ஒன்றுதான். அதுவும், நல்ல சொல்லோட்டத்துக்கு எடுத்துக்காட்டாக ஓர் ஆசிரியர் தம் நூலில் முழுவதும் எடுத்தாண்டதால் தப்பியது. மற்றவை எகிப்தின் ஆக்சிரிங்கஸ் குப்பை மேடுகளில் கிடைத்த பாப்பிரஸ் கிழிசல்கள். பிணங்களைப் பொதியும் அட்டைக்காக ஒட்டப்பட்ட பழைய தாள்கள். ஒரு வரியின் தொடக்கம் இருக்கும், முடிவு இராது. முதுமையைப் பற்றிய அவருடைய ஒரு கவிதையின் பெரும்பகுதி 2004இல்தான் கண்டறியப்பட்டது. கவிதை இப்படிச் சிதைந்த அதே நூற்றாண்டுகளில் சாப்போவைப் பற்றிய கதை மட்டும் வளர்ந்தது: பாவோன் என்ற ஓடக்காரன் மேல் காதல் கொண்டு, அவன் மறுத்ததால் பாறை உச்சியிலிருந்து கடலில் குதித்தார் என்று. பெண்களை நேசித்துப் பாடியவருக்கு ஓர் ஆணுக்காகச் சாகும் முடிவைக் கட்டிக்கொடுத்தது பிற்கால நாடக மேடையும் கவிதையும்தான்.

சில சமயம் கதையைக் கூட்டாமல் வெட்டவும் செய்வார்கள். சீனாவில் 1084இல் பிறந்த லி சிங்ஜாவ், பாடலுக்கென்று அமைந்த சி என்னும் யாப்பில் பெரும்புகழ் பெற்றவர். கணவர் ஜாவ் மிங்செங்கும் அவரும் பழங்கல்வெட்டுப் படிகளையும் நூல்களையும் சேர்த்தார்கள். 1127இல் வடபகுதி வீழ்ந்தபோது அந்தச் சேமிப்பைச் சுமந்துகொண்டு தெற்கே ஓடினார்கள். 1129இல் கணவர் இறந்தார். சேர்த்தவை ஒவ்வொன்றாகத் திருடு போயின, எரிந்தன. கணவரின் நூலுக்கு அவர் எழுதிய பின்னுரை இந்த இழப்பைப் பொருள் பொருளாக எண்ணிச் சொல்கிறது. அகதி வாழ்வைப் பற்றிய உரைநடையில் அதற்கு உயர்ந்த இடம் கொடுக்க வேண்டும். 1132இல் மறுமணம் செய்தார். அந்தக் கணவன் கொடுமை செய்யவே, அவன் பொய் சொல்லிப் பதவி பெற்றதை அரசிடம் முறையிட்டு விலகினார். கணவன் மேல் குற்றம் சாட்டிய மனைவிக்கும் அன்றைய சட்டம் சிறை விதித்தது. ஒன்பது நாள் சிறையில் இருந்து வெளிவந்தார். இதை அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். பின்வந்த நூற்றாண்டுகளில், கைம்பெண் மறுமணம் இழிவாகக் கருதப்பட்டபோது, அவருடைய கவிதையை நேசித்த அறிஞர்களே அந்தக் கடிதம் போலி என்று வாதாடினார்கள். இவ்வளவு நல்ல கவிஞர் அப்படிச் செய்திருக்க மாட்டார் என்பது அவர்கள் நம்பிக்கை. கொடுமைக்காரனை எதிர்த்து முறையிட்டுச் சிறைக்குப் போன துணிவை அவரிடமிருந்து எடுத்துவிட்டு, பிரிவில் வாடும் மனைவியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அவர் தொகுப்புகளும் அழிந்துபோய், ஐம்பதை ஒட்டிய எண்ணிக்கையில் சி பாடல்களே அவருடையவையாகச் சொல்லப்படுகின்றன.

தஞ்சைக்குத் திரும்பினால், பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் முத்துப்பழனி இருந்தார். கணிகையர் குலத்தவர், தெலுங்கும் வடமொழியும் கற்றவர். அவர் தெலுங்கில் பாடிய ராதிகா சாந்தவனம், கோபித்த ராதையைக் கண்ணன் தேற்றும் கதை. அதில் வேட்கையைச் சொல்வதும் கேட்பதும் ராதை. நூலின் தொடக்கத்தில் முத்துப்பழனி தம் தாய், பாட்டி ஆகியோரின் பெயர்களைச் சொல்லித் தம் மரபை நிறுவுகிறார். தம் அழகையும் கல்வியையும் பெருமையோடு குறிக்கிறார். 1887இல் அச்சேறியபோது இந்த முன்பகுதியே நீங்கிவிட்டது. சில பாடல்களும் விடுபட்டன. அதாவது பாடியவர் தம்மைப் பற்றிச் சொன்ன பகுதிதான் முதலில் போயிற்று.

அதை மீட்டவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பியவர் என்று பலர் அறிந்த அதே பாடகி. அச்சில் வந்ததைப் படித்து நிறைவடையாமல் மூலச்சுவடியைத் தேடிப் பெற்று, ஒப்பிட்டு, விடுபட்டவற்றைச் சேர்த்து 1910இல் வாவிள்ள பதிப்பகம் வழியாக முழுநூலை வெளியிட்டார். சமூகச் சீர்திருத்தத்துக்குப் பெயர் பெற்ற கந்துகூரி வீரேசலிங்கம், ஒரு பெண் நாணமின்றிச் சிருங்காரம் பாடியிருக்கிறாள் என்று இந்த நூலை முன்பே இகழ்ந்திருந்தார். நாகரத்தினம்மாள் தம் பதிப்பின் முன்னுரையில் அவருக்கு நேராகவே விடை சொன்னார். நாணம் பெண்ணுக்கு மட்டும் உரியதா, ஆண்கள் எழுதிய சிருங்கார நூல்களில் இதைவிட வெளிப்படையானவை இல்லையா, அவற்றை நீங்களே பாடநூலாக ஏற்கவில்லையா என்பது அவர் வாதத்தின் சாரம். 1911இல் அரசு நூலைத் தடை செய்து படிகளைக் கைப்பற்றியது. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில்தான் தடை நீங்கியது. 1952இல் வாவிள்ள மீண்டும் பதிப்பித்தது. ஒரு பெண் எழுதியதை இன்னொரு பெண் தேடி எடுத்து, பிழை பார்த்து, எதிர்ப்புக்கு விடை எழுதி, காசு செலவிட்டு அச்சுக்குக் கொண்டுவந்த இந்த வேலையையும் கவிதை வரலாற்றின் ஒரு பகுதியாகவே எண்ண வேண்டும். பதிப்பு வரலாறு எழுதுவோர் உ.வே.சாமிநாதையரின் சுவடித் தேட்டத்தைப் பேசும் மதிப்போடு இதையும் பேசினால் நன்றாயிருக்கும்.

அச்சு வந்த பிறகும் நடுவில் நிற்கும் கை அகலவில்லை. அமெரிக்காவின் எமிலி டிக்கின்சன் 1886இல் இறந்தபோது, தங்கை லவீனியா அவர் அறையில் கண்டது கையால் தைத்த சிறு ஏடுகள். தாள்களை மடித்து, ஓரத்தில் ஊசியால் துளையிட்டு, நூல் கோத்துக் கட்டிய அப்படிப்பட்ட ஏடுகள் 40. மொத்தம் சுமார் 1800 கவிதைகள். உயிரோடு இருந்தபோது அச்சில் வந்தவை ஏறத்தாழப் பத்து, அவையும் பெயரில்லாமல். அந்த ஏடுகளில் சில சொற்களின் பக்கத்தில் கூட்டல் குறி இருக்கும். பக்கத்தின் அடியில் அதற்கு மாற்றாக வேறு சொற்கள் எழுதப்பட்டிருக்கும். எந்தச் சொல் என்று அவர் முடிவு செய்யாமல், பல சொற்களையும் உயிரோடு வைத்திருந்தார். 1890இல் மேபல் லூமிஸ் டாட், ஹிக்கின்சன் ஆகியோரின் பதிப்பு வந்தபோது, மாற்றுச் சொற்கள் மறைந்தன. அவருடைய நெடுங்கோடுகள் காற்புள்ளிகளாயின. எதுகை சரியில்லை என்று பட்ட இடங்களில் சொல் மாற்றப்பட்டது. அவர் இடாத தலைப்புகள் இடப்பட்டன. குடும்பப் பகையால் தாள்கள் இரு வீடுகளில் பிரிந்து கிடந்தன. அவர் எழுதியபடியே எல்லாவற்றையும் சேர்த்த பதிப்பு 1955இல்தான், ஜான்சனின் உழைப்பில், வெளிவந்தது. அதற்குள் வெள்ளுடை உடுத்தி வீட்டை விட்டு வெளியே வராத பெண் என்ற உருவம் உலகம் முழுதும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆயிரத்து எண்ணூறு கவிதைகளை எழுதி, திருத்தி, வரிசைப்படுத்தி, தைத்து வைக்க ஒருவர் எத்தனை ஆண்டு உட்கார்ந்து வேலை செய்திருக்க வேண்டும் என்ற எளிய கணக்கை அந்த உருவம் மறைத்துவிடுகிறது.

பிலிஸ் வீட்லி சற்று வேறு. ஆப்பிரிக்காவிலிருந்து சிறுமியாகப் பிடித்து 1761இல் பாஸ்டனில் விற்கப்பட்டவர். அவர் கவிதைகளைப் பாஸ்டனில் அச்சிட வழி கிடைக்காமல் 1773இல் இலண்டனில் நூல் வந்தது. நூலின் முன்பக்கத்தில், இவை உண்மையில் இந்தப் பெண் எழுதியவையே என்று ஆளுநர் உட்பட நகரத்துப் பெரியவர்கள் பதினெட்டுப் பேர் ஒப்பமிட்ட சான்று இருந்தது. கவிதை நன்றாக இருக்கிறதா என்பதற்கு முன் அது அவளுடையதுதானா என்ற கேள்வி நின்றது. விடுதலை பெற்ற பின் இரண்டாம் தொகுப்பைக் கொண்டுவர முயன்றார், வாங்க ஆள் சேரவில்லை. 1784இல் வறுமையில் இறந்தார், கைப்படியும் தொலைந்தது.

தாளே ஆபத்தான காலமும் உண்டு. ரஷ்யக் கவிஞர் ஆனா அக்மதோவா, குடும்பப் பெயரைக் கெடுக்காதே என்று தந்தை சொன்னதால், தாய்வழி மூதாட்டியின் தாத்தாரியப் பெயரைத் தமக்கு வைத்துக்கொண்டவர். ஸ்டாலின் காலத்தில் மகன் சிறையிலிருக்க, லெனின்கிராடின் சிறை வாசலில் வரிசையில் நின்ற பெண்களைப் பற்றி அவர் எழுதிய இரங்கற் கவிதைத் தொடரை வீட்டில் வைத்திருக்க முடியாது. அவருடைய தோழியான எழுத்தாளர் லிதியா சுகோவ்ஸ்காயா இதைப் பதிவு செய்திருக்கிறார். ஒட்டுக் கேட்பார்கள் என்ற அச்சத்தால் அக்மதோவா வாயால் வானிலையையோ தேநீரையோ பேசிக்கொண்டே தாள் துண்டில் சில வரிகளை எழுதி நீட்டுவார். வந்தவர் மௌனமாகப் படித்து மனத்தில் ஏற்றிக்கொண்டு திருப்பித் தருவார். தாள் சாம்பல் கிண்ணத்தில் எரியும். நம்பிக்கைக்குரிய சிலர் இப்படிப் பகுதி பகுதியாக மனத்தில் சுமந்தார்கள். 1963இல் மியூனிக்கில் அச்சானது. அவர் நாட்டில் 1987இல். ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்கு அந்தக் கவிதைக்குச் சில மனிதர்களின் நினைவே ஏடு.

தமிழிலும் நமக்கு அருகிலேயே இந்த மறைவெழுத்து நடந்திருக்கிறது. சல்மா என்ற பெயரில் நாம் அறியும் கவிஞர், பள்ளியிலிருந்து சிறுவயதிலேயே நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்பட்டவர். திருமணத்துக்குப் பின் இரவில் கழிவறையில் நின்றபடி எழுதியதையும், எழுதியதை ஒளித்து வைத்ததையும், தாயின் உதவியால் அவை வெளியே போனதையும் அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அவருடைய முதல் தொகுப்பு 2000இல் வந்தபோது, அந்தப் பெயருக்குரியவர் யார் என்று ஊருக்குத் தெரியாது. அதன் பின் சில ஆண்டுகளில் குட்டி ரேவதி, மாலதி மைத்ரி, சுகிர்தராணி, சல்மா ஆகியோரின் கவிதைகளில் வந்த உடலைப் பற்றிய சொற்களுக்கு எதிராக எழுந்த கூச்சல், வீரேசலிங்கம் முத்துப்பழனியிடம் கேட்ட அதே கேள்வியைத்தான் ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்துக் கேட்டது.

யாழ்ப்பாணத்தில் 1986இல் பெண்களின் கவிதைகளை மட்டும் சேர்த்துச் சொல்லாத சேதிகள் என்ற சிறு தொகுப்பு வந்தது. போர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்ட காலம். அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர் சிவரமணி. துப்பாக்கிகளுக்கு நடுவே வளரும் குழந்தைகளின் இரவுகளையும், கேள்வி கேட்க முடியாத ஒரு சமூகத்தின் இறுக்கத்தையும், அலங்காரம் ஏதுமற்ற சொற்களில் எழுதினார். 1991 மே மாதம், இருபத்து மூன்றை எட்டாத வயதில், தம்மிடம் இருந்த கவிதைகளை எல்லாம் எரித்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். இங்கே ஏட்டை அழித்த கை அவருடையதே. அவரைப் பற்றிய பேச்சு இன்றும் பெரும்பாலும் அந்த நாளிலேயே தொடங்கி அந்த நாளிலேயே முடிந்துவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. அவருடைய வரிகள் அந்த நாளுக்கு முன் எழுதப்பட்டவை, வாழ்வதைப் பற்றி எழுதப்பட்டவை. இதழ்களில் ஏற்கெனவே அச்சாகியிருந்தவையும் நண்பர்கள் கையில் படியாக இருந்தவையும் அந்தத் தீக்கு எட்டவில்லை. அப்படிக் கிடைத்தவற்றைப் பெண்கள் சிலர் தேடிச் சேர்த்து 1993இல் நூலாக்கினார்கள். இருபதுக்குச் சற்று மேற்பட்ட கவிதைகள் அதில் இருக்கின்றன.